என் ரிலீவரும் இரண்டு டிஸ்க்குகளும்

பக்கத் தகடு கழற்றிய கம்ப்யூட்டர் மேசைமேல் நிற்க, என்டர் விசைமேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். இரண்டாயிரங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஓசூரில் எங்கள் வாடகை வீடு. பக்கத்து நாற்காலியில் என் ரிலீவர். தொழிற்சாலையில் என் ஷிஃப்ட் முடிந்ததும் அதே லேத் மிஷினை எடுத்துக்கொள்பவரை அப்படித்தான் சொல்வோம். அஞ்செட்டிப் பக்கத்துக்காரர். கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக நான் போட்டிருந்த லினக்ஸ் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. என் மனைவி சுடும் தோசைக்காக வந்திருந்தார்.

திட்டம் என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. நாகரசம்பட்டியில் மாமியார் வீட்டில் மகள் பிறந்தபோது எடுத்த படங்கள் முழுவதும் ஒரே பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தன, கேமராவில் அழித்தாகிவிட்டது. டிஸ்க் செத்தால் படங்களும் போச்சு. இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே விஷயம் பதிவாகும்படி, தனிக் கார்டு எதுவும் வாங்காமல், லினக்ஸையே பார்த்துக்கொள்ளச் செய்யலாம். அதற்குப் பெயர் ரெய்டு. என் கைக்கு எட்டியதோ ஒரே ஒரு புது டிஸ்க். ஆகவே புதியதை மட்டும் வைத்துப் பாதி ரெய்டைத் தொடங்கி, படங்களை அதற்கு மாற்றி, பிறகு பழையதை அழித்து ஜோடி சேர்ப்பது என்று தாளில் வரைந்து வைத்திருந்தேன். மாற்றியாயிற்று. ஒரு தட்டு தட்டினால் பழையது அழிந்துவிடும்.

இந்த மனிதரிடம் ஒரு வழக்கம். நான் போட்டு வைத்த பீஸ் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதை ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். நான் மிஷினிலிருந்து கையெடுத்து விலகி நிற்க வேண்டும்; அவரே ஒன்று போட்டு அளந்து பார்த்த பிறகுதான் பொறுப்பேற்பார். அதனால் எனக்குப் பல நாள் பஸ் தவறும், எரிச்சல் எரிச்சலாக வரும். அன்று நான் தாளைக் காட்டித் திட்டத்தை விளக்கியதும் என் வீட்டிலும் அதையே ஆரம்பித்தார்.

"பழசு சொருகிக்கிட்டே இருந்தா புதுசு வேலை செய்யுதுன்னு எப்படிப்பா சொல்ற? பழசக் கழட்டி வெச்சிட்டுக் காட்டு."

"அதான் படம் தெரியுதே!" என்றேன்.

"எதுலருந்து தெரியுது?"

முணுமுணுத்துக்கொண்டே பழையதைக் கழற்றி, சிடியிலிருந்து லினக்ஸை ஏற்றிப் பார்த்தேன். புது டிஸ்க் காலி. லினக்ஸில் ஒரு டிஸ்க்கை ஃபோல்டரோடு இணைத்தால்தான் அந்த ஃபோல்டரில் போடுவது அதற்குள் போகும்; அதை மறந்து, பழைய டிஸ்க்குக்குள்ளேயே இன்னொரு பிரதி எடுத்து வைத்திருந்தேன்! அடுப்படியில் இருந்த மனைவியிடம் இதை வெகுநாள் சொல்லவில்லை. ரிலீவர் சிரிக்கக்கூட இல்லை. "சரி, மறுபடி போடு" என்று நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

மதியத்துக்குள் சரியாக மாற்றி, பழையதைக் கழற்றிவைத்தே அவருக்குப் படங்களைக் காட்டினேன். பிறகுதான் ஜோடி சேர்த்தேன். சில ஆண்டுகளில் அந்தப் பழைய டிஸ்க் செத்தேபோனது, நாங்கள் பதறவில்லை. மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். துணியில் சுற்றிக் கிடந்து ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்க்கும் ஐந்தாம் நாள் படத்தைத்தான் போன் முகப்பில் வைத்திருக்கிறாள். "நான் இப்படியாப்பா இருந்தேன்?" என்று சிரிப்பாள். அன்று அந்த மனிதர் தோசை சாப்பிட வராதிருந்தால், அவள் எப்படி இருந்தாள் என்று நான் வாயால்தான் சொல்லிக்கொண்டிருப்பேன்.