ஃபிட்டர் நாச்சிமுத்துவுக்குத் தெரியாத ஒரு சாமான்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, மஞ்சப்பையும் கையுமாக வாசல் கேட்டில் நின்று நாச்சிமுத்துவைத் திட்டிக்கொண்டிருந்தேன். எட்டு மணி என்று சொன்னால் ஏழு ஐம்பதுக்கே அவர் பைக் ஹாரன் கேட்கும். போன் அடித்தது. அவர் நம்பர்தான். எடுத்ததுமே, "ஏனுங்க ஃபிட்டரே, மணி என்னாச்சுங்க? உச்சி வெயில்ல கூட்டீட்டுப் போயி என்னை வறுத்தெடுக்கலாம்னு இருக்கறீங்களா?" என்று பொரிந்து தள்ளினேன். பதிலுக்கு ஒரு பெண் குரல், "நான் பக்கத்து ஊடுங்க. அண்ணன் காலைல எந்திரிக்கவே இல்லீங்க. கடைசியாப் பேசுன நம்பர் உங்களுதுங்க" என்றது. செத்துப்போன மனிதரைத் திட்டியிருக்கிறேன். பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

பனியன் கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் கட்டிங் மாஸ்டர், அவர் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். நூல் அறுந்தால் மிஷினில் ஒரு சின்ன விளக்கு எரியும், மிஷின் நின்றுவிடும். நாமெல்லாம் புரொடக்ஷன் போச்சே என்று கத்துவோம். அவர் மட்டும் நிதானமாக நடந்து போவார். "வெளக்கு எரிஞ்சா திட்டக்கூடாதுங்க மாஸ்டர். யாராச்சும் வந்து பாருங்கன்னுதான் அது எரியுது" என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் தனியாக இருந்தார். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நான் கேட்டதும் இல்லை.

என் மனைவி சரஸ்வதி போனபின் நான் வீட்டைவிட்டு வெளியே வருவது அநேகமாக நின்றுபோனது. பெங்களூரில் இருக்கும் மகன், "கார் ஷெட்டையாவது காலி பண்ணுங்கப்பா" என்று போனில் நச்சரித்தான். என் அப்பா ஒரு காலத்தில் கார் வைத்திருந்தார். அதை விற்றுவிட்டு அதே ஷெட்டில் இரண்டு பனியன் மிஷின் போட்டார். அதனால் அங்கே எந்த இரும்பு கிடந்தாலும் எங்களுக்கு அது மிஷின் சாமான்தான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு சரஸ்வதி ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைப்பாள்.

ஷெட்டை ஒதுங்கவைக்க உதவிக்கு நாச்சிமுத்து வந்தார். ஒரு சாண் நீளத்தில், ஒரு முனையில் செம்புக் கம்பி சுற்றிய இரும்புச் சாமான் ஒன்று அகப்பட்டது. "நூல் அறுந்தா எரியற வெளக்கோட கைதானுங்க இது?" என்றேன் பெரிய மேதாவி மாதிரி. அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "மிஷின் சாமான் இல்லீங்க மாஸ்டர். உங்கய்யன் காருதுங்க. ஆனா என்னன்னு பிடிபடலீங்க" என்றார். சந்தனம் அப்பி, அதன் பக்கவாட்டில் இருந்த பிளவே அடைந்திருந்தது. தேய்த்துக் கழுவினால் தெரிந்துவிடும் என்று குழாயடிக்குப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது அம்மணி வெச்ச பொட்டுங்க. அதுல கை வெக்க வேண்டாம். ஊரெல்லாம் மெக்கானிக் இருக்கறாங்க, காட்டிக் கேட்டுக்கலாமுங்க." அப்போதுதான் பார்த்தேன். சந்தனத்தின்மேல் அவள் விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனேன். மடத்துக்குளம், வெள்ளகோவில் என்று பழைய கார் பட்டறை எங்கிருந்தாலும் விடவில்லை. ஒவ்வோர் ஊரிலும் என்னைப் பேக்கரியில் உட்காரவைத்து, "நீங்க டீ சொல்லுங்க, நான் காட்டீட்டு வந்தர்றேன்" என்று பையோடு போவார். தலையை ஆட்டிக்கொண்டே திரும்புவார். "இவருக்கும் தெரியலீங்க." "என்ன மெக்கானிக்குங்க இவனெல்லாம்!" என்று நான் எகிறுவேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு தேங்காய் பன் வாங்கித் தருவார். வழி முழுக்க நான்தான் பேசுவேன். சரஸ்வதியின் புளிக்குழம்பு, அவள் கோபம், ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "ம்... அப்புறமுங்க?" என்று குரல் வரும்.

அன்றைக்கு மயானத்தில் ஒருவர், வெள்ளகோவில் மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்து, "அந்தக் கைகாட்டியப் பத்திரமா வெச்சிருக்கறீங்களாங்க?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பழைய காருல இன்டிகேட்டர் லைட்டு வாரதுக்கு முந்தி, வண்டி திரும்பறப்ப கதவோரத்துல இருந்து கை மாதிரி ஒண்ணு வெளிய நீட்டுமுங்க. அதுக்குள்ள வெளக்கு எரியும். அதுதானுங்க அது. நாச்சிமுத்து கடைசி வரைக்கும் சொல்லலீங்களா?"

"அவருக்குத் தெரியாதுங்களே!"

"அவருக்கா? நாங்க ரெண்டு பேரும் ஒரே பட்டறையில கார் வேலை பழகுனவங்க. இத எத்தனையோ வண்டிக்கு அவரே மாட்டியிருக்காருங்க. தெரியும்னு சொல்லீறாதே, தெரிஞ்சா மாஸ்டர் அடுத்த ஞாயித்துக்கிழமை ஊட்ட உட்டு வரமாட்டாருன்னு சொன்னாருங்க."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அடப்பாவி மனிதா, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாயா என்று. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுகை முட்டியது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தடவையாவது, "உங்க பொழுது எப்படிப் போகுதுங்க ஃபிட்டரே?" என்று கேட்டேனா? அவர் கார் வேலை பழகியவர் என்பதுகூட அவர் எரிந்து முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. அவர் வீட்டிலும் ஒரு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். நான் போய்ப் பார்க்கவில்லை.

நடுவில் மூன்று ஞாயிறு வீட்டிலேயே கிடந்தேன். நேற்று பஸ் ஏறிக் காங்கேயம் போனேன். நாங்கள் போகாத ஒரு பட்டறையில், ஓடாத ஜீப் ஒன்றின் பக்கத்தில் என் வயசுக்காரர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மஞ்சப்பையைப் பிரித்து நீட்டினேன். புரட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, பனியன் மிஷின் சாமானுங்களா?"

நாச்சிமுத்து எனக்கென்று வைத்துவிட்டுப் போனது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னேன்.

"தெரியலீங்க."

"அவசரமுங்களா?"

"இல்லீங்க. நீங்க மொதல்ல டீ குடிச்சீங்களாங்க?" என்று கேட்டேன். அவர் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டார்.