டப்பா அறுத்த சைலன்சர்

என் மாமாவின் கார் வருவதற்கு முன்பே அதன் சத்தம் வீட்டுக்கு வந்துவிடும். போளூர் ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிடும். நாய்கள் ஓடும், அடுத்த வீட்டுக் குழந்தை வீரிட்டு அழும், அம்மா "வந்துட்டான்டி உங்க மாமன்" என்று தலையில் அடித்துக்கொள்வாள். நான் செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடுவேன்.

மாமா அம்மாவின் தம்பி. கல்குவாரியில் பாறைக்கு வெடி வைக்கும் வேலையில் வருஷக்கணக்காக இருந்தவர், அதை விட்டதும் பழைய கார் ஒன்றை வாங்கி ஜவ்வாது மலைக்கு வாடகை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காரின் சைலன்சரை மாற்றிய அன்று நானும் கூடப் போயிருந்தேன். அப்போது நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். வெல்டிங் பட்டறைக்காரர் அடியில் படுத்து, சைலன்சரின் நடுவில் உப்பலாக இருந்த டப்பாவை அறுத்து எறிந்தார். அந்த டப்பாதான் சத்தத்தை விழுங்குகிறதாம். அதன் இடத்தில் அகலமான நேர்க்குழாய் ஒன்றைப் பற்றவைத்தார். இன்ஜின் மூச்சு முட்டாமல் ஓடும், மலையில் இழுவை கூடும் என்று மாமா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

பட்டறைக்காரர் ஆக்சிலேட்டரை மிதித்தார். கூரைத் தகரம் அதிர்ந்தது. 

"போதுமாண்ணா?" என்று கேட்டார்.

மாமா அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்து, "எப்டி பாப்பா கீது?" என்றார். அதுவரை என் அபிப்பிராயத்தை இந்த உலகத்தில் யாரும் கேட்டதில்லை. "இன்னும் வேணும் மாமா!" என்று கத்தினேன். மாமா கையைக் காட்ட, "போலீசு புடிச்சா என் பேரச் சொல்லாதண்ணா" என்று கும்பிட்டுவிட்டுப் பட்டறைக்காரர் மறுபடி காருக்கு அடியில் போனார்.

எனக்கு ஒரு பதவியும் கிடைத்தது. "பந்தயக் கார்ல ஓட்றவன் பக்கத்துல ஒருத்தர் குந்தினு இருப்பாங்க பாப்பா. பின்னால ஆரன் கேட்டா என் தோள்ல ஒரு தட்டு தட்டு. அதான் உன் வேலை" என்று சொல்லி முன்சீட்டில் உட்காரவைத்தார். அந்த வேலையைப் பற்றி என் வகுப்பில் கேட்காத பிள்ளை கிடையாது.

இப்பேர்ப்பட்ட காரோட்டிக்குப் பெண் மட்டும் கிடைக்கவில்லை. "பையனுக்குத் தலைக்கனம். கேட்டா பதிலே சொல்ல மாட்டேன்றான்" என்று போன இடமெல்லாம் கைவிரித்தார்கள். எங்களுக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருமே கத்திப் பேசுகிறவர்கள். அங்கே மாமா நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். மலைக்கு அந்தப் புறம் அமிர்தி என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தபோது அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "இதுவும் போச்சுன்னா இனிமே உனக்குப் பொண்ணு தேட என்னால ஆவாதுடா."

சுற்றுவழியில் போகாமல் மலையேறி இறங்கியே போனோம். அப்பாவும் அம்மாவும் பின்னால், நான் முன்னால். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மாமா கியரை மாற்றி மிதிக்க, கார் உறும, எதிர்மலை அதைத் திருப்பி உறுமியது. குரங்குகள் சுவரைவிட்டு மரத்துக்குத் தாவின. நெல்லிவாசல்நாட்டு மலைக்கிராமங்களுக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் ஒன்று பின்னால் ஆரன் அடித்தது. தட்டினேன். மாமா கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு மிதி மிதித்தார். ஜீப்பில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் விசிலடித்தார்கள். சந்தோஷத்தில் எனக்கு மூச்சே நின்றுவிடும்போல இருந்தது.

பெண் வீட்டு வாசலில் கார் நின்றதும் கோழிகள் கூரையேறின. மாமா இறங்கிக் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் குடத்தோடு வந்த ஒரு பெண், "வண்டிய நெழல்ல வுடுங்க" என்றாள். மாமா திரும்பவில்லை. மறுபடி சொன்னாள். வேலை ஞாபகத்தில் நான் தோளில் தட்டினேன். மாமா சட்டென்று திரும்பினார். அவள் மாமாவைப் பார்க்காமல் என் கையையே பார்த்தாள். நாங்கள் பார்க்கவந்த பெண் அவள்தான் என்பது உள்ளே போன பிறகே தெரிந்தது.

அவளுடைய அப்பா மெல்லிய குரல்காரர். "மலைல தெனம் ஓட்றீங்களே, பயமா இல்லீங்களா?" என்று கேட்டார். மாமா காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். கேள்வி மறுபடி வந்தது. பதிலில்லை. பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. இதுவும் போச்சு என்று எனக்கே அழுகை வந்தது.

அப்போது கதவோரம் நின்றவள் நேரே வந்து மாமாவின் எதிரில் உட்கார்ந்தாள். முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்தி, "மலைல ஓட்ட பயமா இல்லியான்னு அப்பா கேக்கறாரு" என்றாள்.  மாமா அவளைப் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தாரே பார்க்கவேண்டும்! வளைவு, மழை, ரோட்டில் படுத்திருந்த மலைப்பாம்பு என்று நிறுத்தவேயில்லை. அன்றைக்கே நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். திரும்பும் வழியெல்லாம் நான் காரோடு சேர்ந்து கூவிக்கொண்டே வந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் மாமாவின் கார் வாசலில் வந்து நின்றதே எங்களுக்குத் தெரியவில்லை. டப்பா வைத்த புது சைலன்சர். நாய்கூடத் தலைதூக்கவில்லை. எல்லாம் அத்தையின் ஏற்பாடாம். போதாததற்கு, அவள் ஊருக்கு விருந்துக்குக் கிளம்பியபோது முன்சீட்டில் அவள் உட்கார்ந்தாள், நான் பின்னால்.

மலையில் இன்ஜின் முனகியது. அத்தை மாமாவின் தோளில் இரண்டு தட்டு தட்டினாள். அவர் கியரை மாற்றினார். பின்னால் பஸ் ஒன்று ஆரன் அடித்தது. ஒரு தட்டு. என்னுடைய தட்டு! பந்தயத்தில் என் இடத்தைப் பிடுங்கிக்கொண்டாள், காரின் வாயையும் கட்டிவிட்டாள் என்று ஆத்திரம் பொங்கியது. மாமாவுக்குக் கேட்கட்டும் என்றே ஓவென்று அழுதேன். மாமா திரும்பவேயில்லை.

குவாரி வெடியில் காது மந்தமாகிப்போனதும், வெளியே தெரிந்தால் வாடகைக்கு ஆள் வராது என்று அதை எங்களிடம்கூட மறைத்ததும், இன்ஜின் தன் காதுக்கு எட்டவேண்டும் என்றுதான் அந்தக் குழாயை வைத்ததும் நான் காலேஜில் சேர்ந்த பிறகு அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், மாமா மாறிவிட்டார் என்பதுதான்.

அத்தைதான் திரும்பிப் பார்த்தாள். மாமாவின் தோளைத் தட்டினாள். கார் நின்றது. மாமா திரும்பி என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய், "இன்னா பாப்பா, எப்போலேர்ந்து அழுவுற?" என்றார்.

நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதேன்.