கயிற்று வீட்டில் உட்கார்ந்த பெரியப்பா

பெரியப்பா எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்றுதான் முதலில் செய்தி வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் வீடு கட்டப்போகிற மா கின் போன் செய்தார். பெரியப்பாவை ஊரே 'சயா', அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடும். "சயா எங்கள் மனையில் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டால் பதிலே இல்லை. யாராவது வந்து அழைத்துப் போங்கள்." அப்பா தலையில் அடித்துக்கொண்டார். உட்காரட்டும், பசித்தால் தானே எழுந்து வருவார் என்று பர்மிய மொழியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுபடி போன் வந்தபோது மா கின் அழுதுகொண்டிருந்தார்.

செத்துப்போனதைக்கூடப் பிடிவாதம் என்று நினைக்கும்படி ஒருவர் வாழ்ந்திருந்தால், குற்றம் யாருடையது? அவருடையதுதான்.

நாளை பதினாறாம் நாள் காரியத்துக்கு வரும் உங்களில் பலர் அவருடைய கயிற்றுக்குள் நின்றவர்கள். நிற்காதவர்களுக்குச் சொல்கிறேன். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு வீட்டு பிளான் வரைவதுதான் தொழில். கீழே ஆபீஸ், மேலே வீடு. மற்ற ஆபீஸ்களில் பிளானைத் தாளில் காட்டுவார்கள். பெரியப்பா காலி மனையில் முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடி தூவி, முழு வீட்டையும் முழு அளவில் தரையில் போடுவார். வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து ஒரு பகல் அதற்குள் இருக்க வேண்டும். அடுப்பங்கரை என்று போட்ட இடத்தில் சமைக்க வேண்டும். படுக்கையறையில் படுக்க வேண்டும். வெயிலில்தான். "தாள்ல யாரும் குடியிருக்கிறதில்லை" என்பார்.

பாத்ரூம் கதவை வெளிப்பக்கமாக வைக்கச் சொன்ன க்யிம்யிண்டைங் பேட்டை மீன் வியாபாரி ஒருவரின் மாமியார் மனைக்கு வர மறுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக நான்.

"பாப்பா, நீதான் மாமியார். முழங்கால் வலி. பாத்ரூம் போகணும். நட."

நடந்தேன்.

"நொண்டி நட!"

பள்ளிக்கூடச் சீருடையான பச்சை லுங்கியோடு நொண்டினேன். எங்கள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் டீக்கடை வாசலில் நின்று பார்த்தார்கள். அவமானத்தில் குறுக்கே புகுந்து கயிற்றைத் தாண்டினேன்.

"ஐயோ, அது சுவர்! சுவருக்குள்ள எப்படிப் போவே? வெளியே சுத்திப் போ. மழை வேற பெய்யுது."

மழையெல்லாம் இல்லை. வியாபாரி எரிச்சலோடு, "சயா, எனக்கு பிளான் வேண்டும், நாடகம் வேண்டாம்" என்று சொல்லி வேறு ஆபீசுக்குப் போய்விட்டார். அந்த மாமியார் இப்போது நிஜ மழையில் வீட்டைச் சுற்றித்தான் போகிறாராம். அதைக் கேட்டதும் பெரியப்பா, "நான் போய் மறுபடி கயிறு போட்டுக் காட்டட்டுமா?" என்று கிளம்பினார். அப்பா வாசலில் கையை விரித்து மறித்தார்.

இந்தப் பைத்தியம் அவருக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் பிடித்தது. எங்கள் ஆபீஸ் பிளான் எதிலும் அண்ணன் தம்பி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது தாத்தா வைத்த வழக்கம். அலோனில் இருக்கும் எங்கள் இந்த வீட்டின் மாடியைத் திருத்தியபோது ஒரு பாதியை அப்பாவும் மறு பாதியைப் பெரியப்பாவும் வரைந்தார்கள். ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். அடுப்பங்கரைக் கதவும் பாத்ரூம் கதவும் இன்றும் முட்டிக்கொள்கின்றன. குழம்புச் சட்டியோடு வரும்போதெல்லாம் அம்மா "கதவு!" என்று கத்த வேண்டும். அதன் பிறகு பெரியப்பா கயிறு போட்டுப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

அதனால்தான் கீழ்த்தளத்து நடுச்சுவர் இன்னும் நிற்கிறது. அதை இடித்துவிட்டால் ஒரு போன் கடைக்கு முழு ஆபீசையும் வாடகைக்கு விடலாம் என்பது அப்பாவின் எண்ணம்.

"இரும்பு பீம் போட்டுட்டா முடிஞ்சுது, அண்ணே."

"பீம் எது மேல உட்காரும்?"

"பக்கத்துச் சுவர் மேல."

"அது ஈரத்துல ஊறின செங்கல், தம்பி. நகத்தால சுரண்டினா உதிருது. மேல யார் யார் படுக்கிறீங்கன்னு கயிறு போட்டுக் காட்டுறேன், இரு."

"இங்கேயுமா? நம்ம வீட்டுலேயேவா?"

காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊரில் உள்ள மனையெல்லாம் கயிறு கட்டியவர் எங்கள் வீட்டில் கட்டவில்லை. தரையெல்லாம் மேஜையும் பழைய பிளான் சுருள்களும். ஒன்றையும் நகர்த்த விடமாட்டார். "நாளைக்கு, நாளைக்கு" என்பார். பிறகு டாலாவுக்குப் படகேறிப் போய் வெயிலில் உட்கார்ந்துகொண்டார். பாதிப் பேச்சில் எழுந்து போகிறவரை என்ன செய்வது?

அப்பா கெட்டவர் இல்லை. வேலை வராத ஆபீசை வைத்துக்கொண்டு அவர் படும் பாடு எனக்கும் தெரியும். ஆனால் இனி ஒரு கையெழுத்து போதும் என்கிறார். காரியம் முடிந்த மறுநாள் காலை சுவரை இடிக்க மேஸ்திரி வருகிறார். பெரியப்பா வேண்டாமென்றாரே என்று கேட்டேன். அப்பா கையை ஓங்கிவிட்டார். அடிக்கவில்லை. "சுவரைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. அவரைப் பத்தி நாலு நல்லது எழுதி வாசி, போதும்" என்றார். அந்த நான்கு நல்லதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அது அவர் பையில் இருக்கிறது. இது வேறு. அடுத்த அறையில் அவர் இருமும்போதெல்லாம் போன் வெளிச்சத்தை மூடிக்கொண்டு எழுதுகிறேன்.

பந்திக்காகக் கீழே மேஜைகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டார்கள். முதல் தடவையாகத் தரை காலியாக இருக்கிறது. எல்லாரும் படுத்த பிறகு பெரியப்பாவின் கயிற்றையும் சுண்ணாம்பையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். மாடியை அப்படியே கீழே போட்டிருக்கிறேன். நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா அப்பா கட்டில். அந்தப் பக்கம் தம்பி பாய், அதை ஒட்டி என் பாய். சுவருக்கு நேர் மேலே தண்ணீர்த் தொட்டி. முட்டிக்கொள்ளும் இரண்டு கதவுகளையும் விடவில்லை.

சாப்பிட வரும்போது பார்த்து உட்காருங்கள். நீங்கள் இலை போட்டிருக்கும் இடத்துக்கு மேலே யார் படுக்கிறார்கள் என்று கோடு சொல்லும். அப்பாவையும் அவர் கட்டிலுக்குள் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

பெரியப்பாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று இந்தக் கயிறு. மற்றது, எங்கள் எல்லாரையும் தலையில் அடித்துக்கொள்ள வைத்த அந்தக் குணம். நாளை என் பாய்க்குள் உட்கார்ந்து இதை வாசிப்பேன். அப்பா எழுந்து வா என்று கத்துவார். ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன்.