நான் தொடாத கதவு

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். பேய் பிசாசு என்றால் சிரிக்கிற குடும்பம் எங்களுடையது. நானும் சிரித்தவள்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து ஐம்பதுக்கு என் உள்ளங்கையில் பட்டதை இல்லையென்று சொல்ல என்னால் முடியாது.

என் கணவர் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பட்டி பூசித் தேய்த்த இடம் சமமாகிவிட்டதா என்று கண்ணால் பார்க்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, மெல்லிய துணி ஒன்றை உள்ளங்கைக்கு அடியில் வைத்து மெதுவாகத் தடவுவார். "வெறுங்கை பொய் சொல்லும். நடுவுல துணி இருந்தா மயிரிழை மேடுகூடத் தெரியும்" என்பார். பட்டறையில் அவருக்குக் கண்மூடி என்றே பெயர்.

கல்யாணமான வருஷம், நசுங்கிக் கிடந்த ஒரு காரை வாங்கி, எட்டு மாதம் உழைத்து அடர்நீலம் அடித்தார். பார்த்ததும் கை பரபரத்தது எனக்கு. ஈரம் காயவில்லை என்று தெரியாமல், நான் உட்காரப்போகும் பக்கத்துக் கதவில் ஆசையாகக் கையை வைத்துவிட்டேன்.

"அறிவிருக்கா உனக்கு?"

அவர் என்னிடம் கத்தியது அந்த ஒரு தடவைதான். மறுநாளே சரிசெய்துவிட்டார். கதவு கண்ணாடிபோல் இருந்தது. ஆனால் நான் ரோஷக்காரி. "இனிமே உங்க காரைத் தொட்டா கேளுங்க" என்றேன். பத்தொன்பது வருஷம் தொடவில்லை. அவர்தான் கதவைத் திறந்துவிடுவார், அவர்தான் மூடுவார். மூடியபின் கைப்பிடிக்குக் கீழே, எப்போதும் ஒரே இடத்தில், கண்ணை மூடித் தடவிக்கொடுப்பார். முகம் அப்படியே இளகிப்போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணி, உங்க சக்களத்தியைக் குளிப்பாட்டியாச்சா?" என்று நாத்தனார் சீண்டுவாள்.

"ஆச்சு. தாலாட்டுதான் பாக்கி."

தின்னர் பட்டு வெடித்த கை அவருடையது. "சொரசொரன்னு இருக்கும். உனக்கு உறுத்தும்" என்று என்னைத் தொடவே தயங்குவார். அந்தக் காருக்கு மட்டும் உறுத்தாதா? நான் கேட்கவில்லை. உள்ளுக்குள் வைத்துப் புழுங்கினேன்.

நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேச்சு நின்ற பிறகும் வலது கை படுக்கை விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தது. எதையோ தேடுவதுபோல. சாகப்போகும்போதும் அந்தக் கார்தானா என்று நினைத்தேன்.

என் கையைக் கொடுக்கவில்லை.

அவர் போய் இரண்டே மாதத்தில் காரை விலைபேசிவிட்டேன். ஞாயிறு காலை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

அதற்கு முந்தின நாள். ஐந்து நாற்பது. நல்ல வெளிச்சம். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

சர்ர்... சர்ர்...

துணி உரசும் சத்தம். கார் ஷெட்டிலிருந்து. பத்தொன்பது வருஷம் கேட்ட சத்தம்.

பூட்டைத் திறந்தேன். புதுப் பெயிண்ட் வாசனை அடித்தது. கார், துணிக் கவர் போட்டபடியே நின்றது. கவர்மேல் இரண்டு மாதத் தூசி. யாரும் கை வைத்த அடையாளம் இல்லை.

சர்ர்...

கவருக்கு உள்ளே.

என் பக்கத்துக் கதவு. கைப்பிடிக்குக் கீழே. துணி மெல்ல மேடிட்டது. நகர்ந்தது. நின்றது.

ஏன் பக்கத்தில் போனேன் என்று தெரியவில்லை. ஐந்து ஐம்பது.

கையை வைத்தேன்.

நடுவில் துணி. அந்தப் பக்கம்... ஓர் உள்ளங்கை.

சூடாக.

என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. மெதுவாக. சுண்டுவிரலில் கொஞ்சம் நின்றது...

பிடித்தது.

உருவிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் காலை வாசலில் நின்றே சாவியைக் கொடுத்தேன். கார் போவதைக்கூடப் பார்க்கவில்லை.

ஏழு வாரம் கழித்து போன் வந்தது. வாங்கியவர் வேறு நிறம் அடிக்கக் காரை விட்டிருந்த பட்டறையின் பெயிண்டர்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் பெரிய வேலைக்காரர்னு சொல்வாங்க. ஆனா ஒரு கதவுல மட்டும்... மேல் பூச்சை உரசினா, அடியில ஒரு பொம்பளைக் கைத்தடம். உப்புத்தாள் போடாம, அப்படியே விட்டு மேல அடிச்சிருக்காரு. பாத்தா தெரியாது. துணி வெச்சுத் தடவினாத்தான் தெரியும். சுண்டுவிரல் வளைஞ்ச கை."

என் சுண்டுவிரலைப் பார்த்தேன். சின்ன வயதில் ஜன்னலில் நசுங்கி வளைந்தது.

"அம்மா... இருக்கீங்களா?"

"ம்."

"அதுமேலயே இன்னொரு தடம். பெரிய கை. அடியில இருக்கறது காஞ்சு கல்லாக் கிடக்கு. பெரிசு மட்டும்..."

"சொல்லுங்க."

"இன்னும் ஈரமா இருக்கு. அஞ்சு விரலும் இழுபட்டிருக்கு. பிடிச்ச கையை யாரோ உருவிட்டுப் போன மாதிரி."