மதகடிப்பட்டு எல்லையில் ஒரு கண்டக்டர்

கண்டக்டர் வேலை என்பது பூகோளம் படிப்பதுதான்; ஆனால் நின்றுகொண்டே, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, சில்லறை கேட்டுச் சண்டை போடுகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே படிக்க வேண்டும். இந்தத் தொழிலில் முழங்கால் தேய்ந்த சகோதரர்களே, உங்களுக்கும் ஆளுக்கொரு ரூட் வாய்த்திருக்கும். எனக்கு வாய்த்தது கள்ளக்குறிச்சி – பாண்டிச்சேரி. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த அந்த எண்பதுகளில், செல்வி என்ற பெண் காலை பத்து மணிக்குள் பாண்டிக்குப் போயாக வேண்டிய நாளில், நடுரோட்டில் மரம் கிடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் அந்த எல்லையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கேட்டு எங்கே, சுவரு எங்கே?

ரூட்டுக்குப் புதிதில் எனக்கு ஒரே பரபரப்பு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட நாடு ஆயிற்றே, எல்லையில் பெரிய வளைவு இருக்கும், ஆறாவது ஓடும் என்று நினைத்திருந்தேன். வளவனூர் தாண்டியது. கரும்பு, நெல், மறுபடியும் கரும்பு. திடீரென்று ஒரு போலீஸ்காரர் பாண்டிச்சேரிக்கே உரிய சிவப்புத் தொப்பியோடு நிற்கிறார். எல்லை எப்போதோ பின்னால் போய்விட்டது!

மதகடிப்பட்டு பாண்டிச்சேரி. கொஞ்ச தூரம் போனால் கண்டமங்கலம் தமிழ்நாடு. இன்னும் கொஞ்சம் போனால் மறுபடியும் பாண்டிச்சேரி. ஒரே ரோடு, ஒரே வெயில். டிக்கெட் கிழிப்பதை மறந்து ஜன்னலோரம் வாயைப் பிளந்து நின்றேன். டிரைவர் மாணிக்கம் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். “வெள்ளக்காரனுங்க ரெண்டு பேரும் பங்கு பிரிக்கச் சொல்ல வரப்பு பாக்கல தம்பி. கோவம் வந்த பக்கமெல்லாம் கோடு இழுத்துட்டுக் கப்பல் ஏறிட்டானுங்க.”

செவ்வாய்க்கிழமை பஸ்

செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டில் மாட்டுச் சந்தை. அன்றைக்கு என் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் தோளில் கயிறும் கையில் சாட்டையுமாக வருவார்கள். மாடுகள் நடந்தும் லாரியிலும் முன்னாலேயே போயிருக்கும். மணலூர்பேட்டை வியாபாரி ஒருவர் என் சீட்டுக்குப் பக்கத்திலேயே உட்காருவார். பிரெஞ்சுக்காலத்தில் எல்லையில் சுங்கக்காரர்கள் மூட்டையைக் குத்திப் பார்த்த கதையெல்லாம் அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார்.

“சுங்கம் கட்டாமல் மாட்டை எப்படிக் கொண்டு போவார்களாம்?” என்று கேட்டேன். அவர் கயிற்றை மடியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “எங்கப்பா கயித்த அவுத்துட்டு மாட்டு முதுகுல ஒண்ணு வெப்பாருங்க. அது ஓடும். ஐயோ, மாடு ஓடுதேன்னு பின்னாடியே கத்திக்கினு ஓடுவாரு. சுங்கக்காரன் இன்னா பண்ணுவான், பாவம், அவனும் சேந்து தொரத்துவான்!”

மலைக்காரர் சொன்ன கணக்கு

கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் கடுக்காய் மூட்டையோடு வந்தார். கச்சிராயபாளையம் வரை நடை, அங்கிருந்து டவுன் பஸ், பிறகு என் பஸ். முதல்முறையாகப் பாண்டி போகிறார் என்று தெரிந்ததும் எனக்கு வாத்தியார் வேஷம் வந்துவிட்டது. நமக்குச் சுதந்திரம் வந்த பிறகும் இந்த ஊர்க்காரர்கள் பிரெஞ்சுக்காரன் கீழேதான் இருந்தார்கள், ஐம்பத்து நாலில்தான் அவன் போனான் என்று அளந்துகொண்டே வந்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எந்தப் பெருமையும் கோபமும் இல்லாமல் சொன்னது இன்றைக்கும் என்னை மலைக்க வைக்கிறது. நம் மலையைத் தினமும் டிப்போ வாசலிலிருந்து பார்த்தவன் நான். அதன் சரித்திரம் எனக்குத் தெரியவில்லை. “அப்போ இவங்க எங்களுக்கு மூத்தவங்கதாங்க. பிரெஞ்சுக்காரன் போனப்புறமும் நாங்க மலைய ஆண்ட ஜாகிர்தாருக்குத்தான் ஏரு ஓட்டிக்கினு இருந்தோம். எமர்ஜென்சியிலதான் எங்க மலைக்கு கவர்மெண்டே வந்துச்சு.”

சனிக்கிழமைப் பயணி

செல்வி கள்ளக்குறிச்சியில் சித்தி வீட்டில் தங்கிப் பிளஸ் டூ படித்தவள். சனிக்கிழமை தோறும் ஊருக்குப் போவாள். மதகடிப்பட்டுக்குச் சற்று முன்னால், எல்லையில் இறங்குவாள். அங்கே ராஜராஜ சோழன் காலத்துக் கற்கோயில் இருப்பதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். சோழன், பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன், இப்போது இரண்டு சர்க்கார். அத்தனூண்டு ஊருக்கு எத்தனை எஜமானர்கள்!

படிப்பு முடிந்ததும் பாண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸிங் படிக்க மனுப் போட்டாள். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பத்து மணிக்கு வராவிட்டால் அடுத்த பெண்ணுக்கு இடம் போய்விடும். அந்த நேரம் பார்த்து இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். சில நாட்களாகப் பஸ்ஸே இல்லை; செல்வி ஊருக்குப் போக முடியாமல் சித்தி வீட்டிலேயே மாட்டிக்கொண்டாள். அன்று விடியற்காலை ரோடு திறந்துவிட்டது என்று டிப்போவில் சொல்ல, முதல் வண்டியை எடுத்தோம். முதல் டிக்கெட் செல்விதான். “அண்ணே, இத வுட்டா எனக்குக் கல்யாணந்தான். பாத்து இட்டுக்கினு போங்க.”

யார் மரம்?

விழுப்புரம் வரை வழி இருந்தது. எல்லையில் இல்லை. நூறு வயசாவது இருக்கும் ஒரு புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கோணலாகச் சாய்ந்து கிடந்தது. வெட்டியவர்கள் மேற்கே சாயும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அது கிழக்கே சாய்ந்துவிட்டது. அடிமரம் தமிழ்நாட்டில், உச்சி பாண்டிச்சேரியில். போராட்டம் தமிழ்நாட்டில்தான்; அந்தப் பக்கம் எந்த மரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஓடுகிறது.

மரத்தின் மேல் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடந்துகூட ஒருத்தரும் தாண்டக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. பக்கத்தில் இரண்டு சர்க்கார் போலீஸும் நின்றது. எடு என்று இவர் அவரைச் சொல்ல, அவர் இவரைச் சொல்ல, மணி ஒன்பதை நெருங்கியது. கடைசியில் சிவப்புத் தொப்பிக்காரர் தீர்ப்புச் சொன்னார்: “வேரு உங்களுது சார். நீங்க வேர்லருந்து இழுங்க, எங்க எலைய நாங்க கூட்டிக்கிறோம்.”

ஏழுமலையின் வீடு

மரத்தின் மேல் நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஏழுமலை, செல்வியின் அப்பா. யாரும் தாண்டக் கூடாது என்று தமுக்கு அடித்துச் சொன்னவரே அவர்தான். செல்வி போய் எதிரில் நின்றாள். “அப்பா, பத்து மணிக்குப்பா” என்றாள். பக்கத்தில் இருந்தவர், “தாண்ட வுடு மாமா, நம்ம பொண்ணுதானே” என்றார். ஏழுமலை தலையாட்டவில்லை. “என் பொண்ணுக்கு ஒரு நாயம், பஸ்ல வந்த ஜனத்துக்கு ஒரு நாயமா?” என்றார். எனக்கு அந்த மனுஷன் மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

பிறகு அவர் எழுந்தார். ரோட்டோரம் இருந்த ஒரு நீள ஓட்டு வீட்டைக் காட்டினார். அது அவருடைய வீடு. வாசல் மரத்துக்கு இந்தப் பக்கம், தமிழ்நாடு. கொல்லைப்புறம் அந்தப் பக்கம், பாண்டிச்சேரி. எல்லைக்கோடு அவர் அடுப்பங்கரை வழியாகப் போகிறது! செல்வி முன்னால் நுழைந்தாள். பின்னாலேயே பஸ் ஜனம் முழுக்கப் போனது. யாரும் சொல்லவில்லை, எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். உலை கொதிக்கும் அடுப்பைச் சுற்றி, செல்வியின் அம்மா நீட்டிய மோரைக் குடித்து, கொல்லையில் இறங்கிச் செருப்பை மாட்டினார்கள். மறியல்காரர்களே மூட்டை தூக்கிக் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் சிவப்புத் தொப்பிக்காரர் டவுன் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். ஏழுமலை மறுபடியும் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். “இன்னாத்துக்குங்க கும்புடறீங்க? ரோட்டத்தான் மறிச்சிருக்கோம். என் வூட்ட யாரும் மறிக்கலியே.”

டிரங்குப் பெட்டி

அமளியெல்லாம் அடங்கிய பிறகு ஒருநாள், அதே இடத்தில் ஏழுமலை டிரங்குப் பெட்டியோடு ஏறினார். பின்னால் செல்வி, தலை நிறையப் பூ. ஹாஸ்டலில் சேர்க்கப் போகிறார்கள். நான், “அப்புறம் என்ன, உங்களுக்குப் போராட்டம் முடிந்தது” என்று கிண்டல் செய்தேன். ஏழுமலை பெட்டியைக் காலுக்கடியில் தள்ளினார். “நான் எடம் கேட்டது தமிழ்நாட்டுல, கெடச்சது பாண்டிச்சேரில. நம்ம பக்கம் இருக்கற மத்தப் புள்ளைங்களுக்கு யாரு கேப்பாங்க? கூப்ட்டா திரும்பவும் போயி உக்காருவேங்க.”

என் சர்வீஸிலேயே பஸ் போகாமல், பயணிகள் மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த டிரிப், அந்த மறியல் நாளுடையது ஒன்றுதான்.