சிவந்த குழாயில் பனி

நம்பாதவர்கள் வந்து என் வலது கையைப் பார்க்கலாம். இரண்டு விரல்கள் இல்லை. கதை கட்டுவதற்காக யாரும் விரலை வெட்டிக்கொள்ள மாட்டார்கள்.

பல்கேரியாவின் ரொடோபி மலையில் அந்த வீட்டை வாங்கிய முதல் குளிர்காலம் அது. விறகு ஈரம். கணப்பு அடுப்பின் புகைக்குழாயில் ஒட்டியிருந்த வெப்பமானி நூறு டிகிரியைத் தாண்டவே இல்லை. புகை சூடாக வெளியேறாவிட்டால் உள்ளே தாராகப் படியும், ஒருநாள் பற்றிக்கொள்ளும். என் மனைவி தெமெனுகா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

"யாவோர், கூரையில ஏறி பிரஷ் போட்டுத் தேயேன்."

"ஒரு கட்டு வைக்கோலக் கொளுத்திவிட்டா அத்தனையும் எரிஞ்சு விழுந்துடும். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"உங்க ஊர்ல எத்தனை வீட்டுக்குக் கூரை மிச்சம் இருக்கு?"

சோம்பேறித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். பிப்ரவரி ஒன்பது, பிற்பகல் 3.40. அவள் ஆட்டுக் கொட்டகைக்குப் போயிருந்தாள். மூன்று வயது மகள் கலினா மேலறையில் தூக்கம். அடுப்பின் குழாய் போய்ச் சேரும் செங்கல் புகைபோக்கிதான் அந்த அறையின் ஒரு சுவர், கட்டிலும் அதை ஒட்டித்தான். நான் வைக்கோலைக் கொளுத்தி உள்ளே திணித்தேன்.

3.42. குழாய் உறுமியது. முள் முந்நூறு… நானூறு… ஐந்நூறில் முட்டியது. குழாய் செக்கச்செவேல் என்றானது. காற்றுத் துளைகளை எல்லாம் அடைத்தேன். உறுமல் அடங்கவில்லை.

3.45. சட்டென்று அடங்கியது.

முள் இறங்கியது. நூறு… ஐம்பது… பூஜ்யம். குழாயின் மேல் வெள்ளையாகப் பனி படர்ந்தது.

டொக்… டொக்…

மேலறைச் சுவருக்குள்ளிருந்து.

"அப்பா… குளிருது…"

படிக்கட்டுக்குத் திரும்பினேன். படார்! அடுப்புக் கதவு திறந்தது. கருந்தார் வழிந்த கை ஒன்று என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தது. முகம் இரும்பில் மோதியது. பல் உடைந்து வாயெல்லாம் இரத்தம். உதைத்தேன். தோள்மூட்டு கழன்றது. அலறினேன்.

தெமெனுகா கோடரியோடு ஓடிவந்தாள். ஓங்கி வெட்டினாள். மறுபடியும் வெட்டினாள்.

பிடி விட்டது. கோடரி தவறிப் பட்டு, என் இரண்டு விரல்கள் அடுப்பு வாயில் கிடந்தன.

சரக்… சரக்…

அது குழாய்க்குள் மேலே ஏறியது.

"புள்ளையப் பாரு!" என்று கத்தினேன்.

இருவரும் ஓடினோம்.

சுவர் பிளந்திருந்தது. இரண்டு கருங்கைகள் கலினாவைச் செங்கல்லோடு சேர்த்து இறுக்கியிருந்தன. உதடு நீலம்.

தெமெனுகா வெட்டினாள்.

வெட்டினாள்.

வெட்டினாள்.

3.51. மூவரும் வெளியே பனியில் கிடந்தோம். கலினா மூச்சு விட்டாள்.

மருத்துவர் என் மணிக்கட்டை நெடுநேரம் பார்த்தார். ஐந்து விரல் தடம். "இது தீக்காயம் இல்ல, பனிக்கடி. குளிர்ல சதை உறைஞ்சிருக்கு" என்றார். சிவக்கக் காய்ந்த அடுப்புக்குள் பனிக்கடி!

பக்கத்து வீட்டு ம்லாதென் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"உனக்கு முன்னாடி அங்க இருந்த ரங்கெல், அடுப்பு அணைஞ்சுபோச்சுன்னு பொண்டாட்டிய அடிச்சுப் பனியில தள்ளிக் கதவச் சாத்திட்டான். அப்புறம் அவனே மூட்டிக் குளிர்காஞ்சான். அவ கூரையில ஏறி, புகைபோக்கிக்குள்ள கைய விட்டுச் சூடு காட்டியிருக்கா. காலடிச் சத்தம் கேட்டதும் அந்தப் பாவி தண்ணிய ஊத்தி நெருப்ப அணைச்சான். விடிஞ்சு பாத்தா, கையத் தோள்வரைக்கும் உள்ள விட்டபடியே செத்துக் கிடந்தா."

"வாங்கும்போது ஏன்யா சொல்லல?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கலினாவையே பார்த்தார்.

"அப்ப அவ வயித்துல ஏழு மாசப் புள்ள" என்றார்.