கிருஷ்ணாயில் அடுப்பும் நான் விட்டுக்கொடுத்த மானியமும்

போன வாரம் ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். சொந்த வீடு, மூன்று பெட்ரூம். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பெயின்டர் பிரஷ் கழுவ ஒரு பாட்டிலைத் திறந்தான். குப்பென்று ஏறியது கிருஷ்ணாயில் வாசனை. மண்ணெண்ணெய் என்று எழுதலாம்தான், ஆனால் அப்படி எழுதினால் அந்த வாசனை வராது.

"இது இன்னும் எங்கப்பா கெடைக்குது?" என்றேன்.

"அத்த மட்டும் கேக்காத சார்" என்று சிரித்தான்.

அந்த வாசனையோடு குப்பம்மா அக்காவும் வந்து உட்கார்ந்துகொண்டாள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். தி.நகர் பாத்திரக்கடை ஒன்றில் மூட்டை தூக்கிக்கொண்டு, அடையாற்றங்கரைக் குடிசையொன்றில் படுத்துக் கிடந்த காலம் அது. சந்து முனையில் அக்கா பம்ப் ஸ்டவ் வைத்து இட்லி சுடுவாள். ரேஷன் கடையில் அவள் கார்டுக்குக் கிடைக்கும் கிருஷ்ணாயில் போதாது. வாங்காத அக்கம்பக்கத்தார் கார்டுகளிலும் வாங்கிச் சேர்ப்பாள். அந்த ஸ்டவ் போடும் சத்தம்தான் சந்துக்கே அலாரம். வரிசையில் நான் எங்கே நின்றாலும் எனக்குத்தான் முதல் தட்டு. "மூட்டை தூக்கற புள்ள, வயித்துல எதுனா இருக்கணும்" என்பாள்.

அந்த வயிற்றோடு ஏறி வந்தவன் நான். மூட்டை தூக்கிய அதே தெருவில் இன்று எனக்கே பாத்திரக்கடை இருக்கிறது. படித்தவர்கள் என்னிடம் வந்து குக்கரைப் பற்றி யோசனை கேட்கிறார்கள்.

கடை வைத்து நிமிர்ந்த பிறகுதான் அரசாங்கத்திடமிருந்து அந்த வேண்டுகோள் வந்தது. வசதி உள்ளவர்கள் கேஸ் மானியத்தை விட்டுக்கொடுங்கள், ஏழை வீட்டில் அடுப்பு எரியும் என்றார்கள். டாக்டரும் ஆடிட்டரும் இருக்கிற எங்கள் குடியிருப்பில் முதலில் விட்டுக்கொடுத்தவன் நான். சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசவும் செய்தேன். மைக் வேலை செய்யவில்லை, என் தொண்டைக்கு அது தேவைப்படவும் இல்லை. ஏழை வீடு என்றதும் எனக்கு ஒரே ஒரு வீடுதான் தெரிந்தது. நேராக அக்காவிடம் போய், கேஸ் வாங்கிக்கொள் என்றேன்.

அவள் சட்டென்று மசியவில்லை. "கேஸ் வாங்கினா கார்டுல முத்திரை குத்திருவாங்க நைனா. கிருஷ்ணாயிலு கட்டு. அப்பால நான் இன்னா பண்றது?"

"மானியம் வரும்க்கா. நான் வுட்டதே உனக்காகத்தான்."

"நீ சொல்றியேன்னு வாங்கறேன்" என்றாள்.

அடுப்பு வந்தது. கார்டில் முத்திரையும் விழுந்தது. கொஞ்ச நாள் அக்காவுக்குக் கரி பிடித்த பாத்திரம் தேய்க்கிற வேலை இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு சிலிண்டர் விலை ஏறத் தொடங்கியது. மானியம் இளைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் அவள் பாங்குக் கணக்கில் விழுந்ததை எடுக்கப் போக வர பஸ்ஸுக்கே சரியாகிவிடும். சிலிண்டர் காலியாகவே நின்றது. விறகு மூட்டிப் பார்த்தாள். எதிரில் புதிதாக எழும்பிய பிளாட்காரர்கள் புகை என்று சண்டைக்கு வந்தார்கள்.

ஒருநாள் என் கடைக்கே வந்துவிட்டாள். வாடிக்கையாளர்கள் நடுவில் நின்று கேட்டாள்: "நீ வுட்டுக் குடுத்தியே நைனா, அது எங்கே போச்சு? எங்க வூட்டுக்கு வரலியே."

"நானே ரொப்பித் தரேன்க்கா" என்றேன்.

"நீ ரொப்பினா அது உன் அடுப்பு. எனக்கு என் அடுப்பு வேணும்."

அவள் போன கையோடு கேஸ் ஏஜென்சிக்குப் போனேன். என் மானியத்தைத் திருப்பி எனக்கே கொடுங்கள், யாருக்குத் தருவதென்று எனக்குத் தெரியும் என்று சத்தம் போட்டேன். கவுன்டரில் இருந்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், இப்போ உங்கள மாதிரி வீட்டுக்கெல்லாம் எதுவுமே வர்றதில்ல. நீங்க விட்டுக்குடுத்ததும் ஒண்ணுதான், குடுக்காததும் ஒண்ணுதான்."

சந்தையில் ஒரு கரண்டி விஷயத்தில்கூட என்னை யாரும் ஏமாற்றியதில்லை. என்னை ஏமாற்ற என் நல்ல மனசைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

அக்கா கடையை மூடினாள். பிறகு கரையோரக் குடிசைகளை எடுத்தபோது, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கிடைத்த மகளோடு போய்விட்டாள். கிருஷ்ணாயில் வாசனை துரத்த, நேற்று அங்கே போனேன். அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது, குரல் மங்கவில்லை. "இன்னா நைனா, தொப்பை போட்டுக்கீறே!" என்றாள். மகள் அந்த வீட்டில் நாளைக்கு ஒரு வேளைதான் அடுப்பு பற்றவைக்கிறாள். காலையில் வடித்ததுதான் ராத்திரிக்கும். அப்படியிருந்தால்தான் சிலிண்டர் அடுத்தது வாங்கும்வரை தாங்குமாம்.

அக்கா மகளைக் கீழே அனுப்பினாள். அவள் ஒரு பிளாஸ்டிக் பையில் டீ வாங்கி வந்து, இரண்டு டம்ளரில் ஊற்றினாள்.

"கடை டீதான். கோச்சிக்காத" என்றாள் அக்கா.

அவள் வீட்டில் அவள் கையால் ஆக்காத ஒன்றை நான் முதல்முறையாக வாயில் வைத்தது நேற்றுதான்.